முடித்திலேன்

லங்காவித் தீவில், பந்தாய் செனாங் கடற்கரையை ஒட்டிச் செல்லும் சாலையின் ஓரத்தில், ஒரு நவம்பர் மாதத்து இரவு ஒன்பது மணி சுமாருக்கு, அதற்குமுன் நான் கண்டறியாத ஒரு பெண்மணி என் முன்னால் முழந்தாளிட்டு அமர்ந்து, என் இடது கணுக்காலைச் சுற்றியிருந்த கறுப்புப் பட்டையைக் கழற்றினாள். இழுத்துப் பிரிக்கும்போது ‘சர்ர்’ என்று ஓசையெழுப்பும் ஒட்டுப்பட்டை அது. அதனுள்ளே பொதிந்திருந்த சிறு ‘சிப்’, காலையிலிருந்து நான் தாண்டிய ஒவ்வொரு எல்லைக் கோட்டையும் எங்கோ ஒரு கணினிக்குத் தெரிவித்துக்கொண்டே வந்திருந்தது. பட்டை கழன்ற அந்தக் கணத்தோடு அந்தச் செய்தியும் நின்றுபோயிற்று. கடலிலும் சாலையிலுமாகப் பதின்மூன்றரை மணி நேரத்தில் 210 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்திருந்தேன்; மீதமிருந்தது 16 கிலோமீட்டர். பட்டை இருந்த இடத்தில் தோல் வியர்வையில் ஊறி வெளுத்து, ஒரு வளையம்போலச் சுருங்கிக் கிடந்ததை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் இன்றும் தெளிவாக ஞாபகத்தில் இருக்கிறது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்ற மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். அதில் நெடுந்தூர வகையாகிய அயர்ன்மேன் பந்தயத்தில் 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 17 மணி நேரம் தருகிறார்கள். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹுவில், ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும், அங்கே தனித்தனியாக நடந்துவந்த வைக்கீக்கி நீச்சலையும், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயத்தையும், ஹொனலூலு மாரத்தானையும் ஒரே நாளில் கோத்துப் பார்த்தால் என்ன என்று எண்ணியதிலிருந்து பிறந்தது இது. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி நடந்த அந்த முதல் பந்தயத்தில் 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கார்டன் ஹாலரையும், அவர் எடுத்துக்கொண்ட 11 மணி 46 நிமிடத்தையும் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. பதினைந்திலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் மிஞ்சுகிற அந்த மூவரைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது பின்னால்தான்.

எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர் என் தகப்பனார். அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிப் படித்துறையில், இடுப்பில் துண்டைக் கட்டி, அதன் நுனியைத் தம் கையில் பிடித்துக்கொண்டு, ‘பயப்படாதே, நான் பிடிச்சிருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே, நான் அறியாத ஒரு தருணத்தில் துண்டை விட்டுவிட்டவர். அந்த நீச்சலை மறந்து, சென்னையில் இருபது வருஷ காலம் நாற்காலி உத்தியோகம் பார்த்து, நாற்பத்தைந்து வயதில் வைத்தியர் கொடுத்த எச்சரிக்கையின் பேரில் மறுபடியும் தண்ணீரில் இறங்கியவன் நான். நீலாங்கரைக் கடலில் விடியற்காலை நீச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள். திருவான்மியூரிலிருந்து மரக்காணம் போய்த் திரும்பினால் 200 கிலோமீட்டருக்கு மேலாகும். மரக்காணத்தை நெருங்கும்போது சாலையை ஒட்டி உப்பளங்கள் விரியும். பாத்திகளில் தேங்கிய நீரில் ஆகாயம் அப்படியே இறங்கிக் கிடக்க, வரப்போரங்களில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கும். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நுரையீரல் நிறைய அந்தக் கரிப்புக் காற்றை வாங்கிக்கொண்டு திரும்புவதே இரண்டு வருஷ காலம் எனக்கு ஒரு நியமமாக இருந்தது. உப்பைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போய்வந்தேன். அதை ஒரு சிட்டிகை எடுத்து முடிந்துகொள்ளத் தோன்றவில்லை.

லங்காவியைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அது மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவு. 1025-இல் முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை சென்ற கடாரம் அந்தக் கெடாவே என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் என் தகப்பனாரே. அவர் வாயால் கேட்ட ஊரின் கடலில் நீந்தவேண்டும் என்ற ஆசை, எத்தனையோ நியாயமான காரணங்களைக் காட்டிலும் பலமாக என்னை இழுத்தது.

பந்தாய் கோக் என்ற கடற்கரையில், மச்சின்சாங் மலையின் கரிய நிழல் தண்ணீரின்மேல் விழுந்திருக்க, காலை ஏழரை மணிக்கு நாங்கள் கடலில் இறங்கினோம். நீச்சல் எனக்குச் சந்தோஷமாகவே கழிந்தது. வெதுவெதுப்பான கடல், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு கரையேறிவிட்டேன். அதன்பின் சைக்கிள். லங்காவியின் சாலைகள் சமதளத்தில் வெகுதூரம் போவதில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். பகல் பதினொரு மணிக்கெல்லாம் வெயில் தோளில் கைவைத்து அழுத்தத் தொடங்கியது. அந்தக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுமில்லை. ஆகவே வழியிலே தண்ணீர் கொடுத்த ஓர் இடத்தையும் நான் விடவில்லை. ஒரு புட்டியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, மற்றொன்றை முழுவதுமாகக் குடித்தேன். தாகம் எடுக்குமுன் குடித்துவிட வேண்டும் என்று எப்போதோ படித்த ஒரு வாக்கியத்தை வேதவாக்காகக் கொண்டிருந்தேன். உப்புச் சேர்த்த பானங்களும் அங்கே இருக்கத்தான் இருந்தன. அவற்றின் தித்திப்பு குமட்டியதால், நண்பகலுக்கு மேல் வெறும் தண்ணீரோடு நின்றுவிட்டேன்.

மாலை ஐந்தேகால் மணிக்கு சைக்கிளை ஒப்படைத்துவிட்டு ஓடத் தொடங்கியபோது, கைக்கடிகாரத்தின் வார் மணிக்கட்டை இறுக்குவதாகத் தோன்றியது. ஒரு துளை தளர்த்திக்கொண்டேன். பத்தாவது கிலோமீட்டரில் மறுபடியும் ஒரு துளை. சூரியன் கடலில் இறங்கி, சாலையோரத்து விளக்குகள் ஏற்றப்பட்ட வேளையில், இடது கை மோதிரம் விரலுக்குள் புதைந்து, அதன் இருபுறமும் சதை மேடிட்டிருந்ததைக் கண்டேன். வெக்கையினால் வந்த வீக்கம் என்று நினைத்தேன். உண்மையில் படித்துத் தேர்ந்த வைத்தியன் சொல்லவேண்டிய செய்தியை, ஒரு தோல் வாரும் ஒரு மோதிரமும் இரண்டு மணி நேரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அதைப் படிக்கத் தெரியாமல் மேலும் மேலும் தண்ணீர் குடித்தேன். இருபதாவது கிலோமீட்டருக்குமேல் தலை பாரமாகி, வயிறு புரட்டி, எதிரே வருபவர்களின் முகங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் அலைந்தன. இருபத்தாறாவது கிலோமீட்டரில்தான் முதலில் நான் குறிப்பிட்ட பெண்மணி, கையில் விளக்குடன் என்னிடம் வந்தாள். சுங்கை பட்டாணியைச் சேர்ந்த தமிழ்ப் பெண். தாதியாக வேலை பார்ப்பவள். அன்று தொண்டு செய்ய வந்திருந்தாள். முகத்தைப் பார்த்தே தமிழன் என்று கண்டுகொண்டாளோ என்னவோ, எடுத்த எடுப்பில் தமிழிலேயே பேசினாள்.

‘அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா பேர் என்ன, சொல்லுங்க?’

அந்தப் பெயர் என் நாவுக்கு வந்துசேரச் சற்று நேரமாயிற்று. அவள் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் பட்டை கழன்றது.

மருத்துவக் கூடாரத்தில் இரத்தத்தைச் சோதித்தார்கள். சோடியம் என்ற உப்பின் அளவு 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்கவேண்டியது, எனக்கு 127 என்று நின்றது. ஹைப்போநெட்ரீமியா என்று அதற்குப் பெயர். நெடுநேரம் உழைக்கும் உடம்பு, தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும் சுரப்பு ஒன்றை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த நிலையில் வியர்வையோடு உப்பும் வெளியேறிக்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை மேலே மேலே வார்த்தால் இரத்தம் நீர்த்துப்போகிறது. நீர்த்த இரத்தத்திலிருந்து தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை உப்பச்செய்கிறது. விரல் உப்பினால் மோதிரம் இறுகும்; மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை உப்பினால் அதற்கு விரிய இடமில்லை. வலிப்பு வரும், பிராணனே போவதும் உண்டு. 2002-ஆம் வருஷத்து பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு இந்தக் குறை இருந்ததாகப் பின்னால் படித்தேன். ஆகையால் இது என் ஒருவனுக்கு நேர்ந்த அதிசயமன்று. தண்ணீரைக் கண்ணில் காட்டாமல், உப்புக் கரிக்கும் சூப்பைச் சிறு கோப்பையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். அதன் முதல் வாய் நாக்கில் பட்டபோது, இத்தனை நேரமும் என் உடம்பு கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று, மரக்காணத்து உப்பளங்கள் கண்முன் விரியத் தெரிந்துகொண்டேன்.

கூடாரத்துத் துணிக்கு அப்பால்தான் பந்தயம் முடியும் இடம். ஒவ்வொருவராக உள்ளே வரவர, ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரும் நாடும் முழங்கும், ஜனங்கள் ஆரவாரிப்பார்கள். நள்ளிரவு தாண்டும்வரை அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கைப்பேசியில் என் பெயருக்கு எதிரே புதிய நேரம் எதுவும் பதிவாகாமல் போனதைக் கண்டு, முடிவிடத்துக் கம்பியைப் பற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்ற என் மனைவி, தேடி அலைந்து கூடாரத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘உசிரோட இருக்கீங்களே, எனக்கு அது போதும்’ என்றாள். அவளுக்குப் போதுமாயிருந்தது எனக்குப் போதவில்லை. அன்றிரவு அதற்காக நான் வெட்கப்படவில்லை, பின்னால் வெட்கப்பட்டேன்.

ஊர் திரும்பியபின் முடிவுப் பட்டியலைப் பார்த்தேன். முடித்தவர்களுக்கு எதிரே மணியும் நிமிடமும் விநாடியும். எனக்கு எதிரே டி.என்.எஃப். (டிட் நாட் ஃபினிஷ்) என்ற மூன்று எழுத்துகள். பந்தய எண்ணை மேற்கையில் அச்சாக ஒட்டியிருந்தார்கள். அது உரிந்துபோனபின், வெயில் படாத அந்த இடம் மட்டும் வெளுத்து, கறுத்த தோலின் நடுவே அந்த நான்கு இலக்கங்களும் எழுதிவைத்தாற்போலத் தெரிந்தன. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவை போகவில்லை. அலுவலகத்திலும் கடற்கரையிலும் சந்தித்தவர்கள் அனைவரும் அன்போடு விசாரித்தார்கள். ‘முடிச்சீங்களா?’ என்ற ஒரு சொல்லுக்கு நான் கால் மணி நேரம் பதில் சொல்லுவேன். வெயிலைச் சொல்லுவேன், மேடுகளைச் சொல்லுவேன், சோடியத்தைச் சொல்லுவேன், வைத்தியர் நிறுத்திவிட்டதைச் சொல்லுவேன். கேட்டவர்கள் தலையசைத்துப் போனபிறகு, சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆயினும் ராத்திரியில் தூக்கம் வராது. அங்கே கழித்த கடைசி நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுவேன்: நள்ளிரவு பன்னிரண்டரை மணி வரை எனக்கு அவகாசம் இருந்தது, பதினாறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், நடந்தே போயிருக்கலாம்.

நண்பர் ஒருவர் ஆறுதலாக அயர்ன்மேன் வீரர் மார்க் ஆலனின் கதையைச் சொன்னார். 1982-இல் ஹவாயில் சைக்கிளின் கியர் மாற்றி உடைந்து பந்தயத்தைவிட்டு விலகியவர் அவர். அதன்பின் பல தடவை முயன்று தோற்று, 1989-இல் டேவ் ஸ்காட் என்ற சக வீரரை 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார். மொத்தம் ஆறு தடவை அங்கே வெற்றிபெற்றார். மகத்தான சரித்திரந்தான். ஆனால் 1982-ஆம் வருஷத்துத் துக்கத்தை 1989-ஆம் வருஷத்து வெற்றி வந்து ஈடுசெய்வதால்தான் அந்தக் கதை நமக்கு இனிக்கிறது. எனக்கு ஒரு 1989 உண்டா இல்லையா என்பதை யார் அறிவார்? வட்டியோடு திரும்பிவரும் என்ற நம்பிக்கையின்பேரில் மட்டுமே பொறுத்துக்கொள்ளக்கூடிய தோல்வி, தோல்வியை ஏற்றுக்கொண்டதாகாது. எனவே என் மனம் ஓவாஹுவின் அந்த மூவரிடம் சென்றது. அவர்களும் இருட்டு விலகாத நேரத்தில் எழுந்து, என்னைப்போலவே நெஞ்சு படபடக்கக் கடலைப் பார்த்து நின்றிருப்பார்கள். மறுநாள் அவர்களையும் யாரோ ஒருவர் ‘முடித்தாயா?’ என்று கேட்டிருப்பார். என்ன பதில் சொன்னார்கள்?

மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அம்பாசமுத்திரம் போயிருந்தேன். நல்ல மழை. ஆற்றில் வெள்ளம் போகும் இரைச்சல் திண்ணை வரைக்கும் கேட்டது. எண்பத்துநான்கு வயதாகிய என் தகப்பனார், தமிழாசிரியராக முப்பத்தைந்து வருஷம் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சாய்வு நாற்காலியில் இருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார்.

‘என்னலே அது, கையில எண்?’

‘பந்தயத்துல ஒட்டின எண் அப்பா. வெயில்ல தங்கிப்போச்சு.’

‘முடிச்சியா?’

நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். ‘காலையிலே கடல்ல இறங்கி, நல்லாவே நீந்தி, எட்டு மணி நேரம் சைக்கிள் மிதிச்சு, வெயில் ரொம்ப அடிச்சு, தண்ணி நிறைய குடிச்சு, உப்பு குறைஞ்சுபோய், டாக்டர் வேண்டாம்னு சொல்லி...’

அவர் கையை உயர்த்தினார். வகுப்பில் உயர்த்துகிற அதே கை.

‘எச்சம் எச்சமா அடுக்கிக்கிட்டே போறியே, முற்று எங்கல?’

எட்டாம் வகுப்பில் அவரிடமே இலக்கணம் படித்தவன் நான். இறங்கி, நீந்தி, மிதித்து, குடித்து, குறைந்து, சொல்லி, அத்தனையும் வினையெச்சங்கள். எத்தனை எச்சங்களை அடுக்கினாலும், ஒரு வினைமுற்று வந்து நிற்கும்வரை வாக்கியம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஐந்து வார காலமாக நான் பேசிவந்தது முழுவதும் அப்படித் தொங்கிக்கொண்டிருந்த ஒரே வாக்கியம்.

‘முடிக்கவில்லை அப்பா’ என்றேன்.

‘அது இப்போதைய வழக்கு. நான் முடிக்கவில்லை, நீ முடிக்கவில்லை, அவன் முடிக்கவில்லை, எல்லாத்துக்கும் பொது. அந்தச் சொல்லுக்குள்ள ஆள் இல்லை. பழைய வழக்குல தன்மை ஒருமையில எப்படிச் சொல்லணும்?’

ஒரு நிமிஷம் கழித்துச் சொன்னேன்: ‘முடித்திலேன்.’

‘ஆங். விகுதியில நீ இருக்க, பாரு’ என்றார்.

அந்த ‘ஏன்’ விகுதியில் நான் இருந்தேன். அப்போதுதான் யாரிடமும், என் மனைவியிடமும்கூட, சொல்லாதிருந்ததை அவரிடம் சொன்னேன். அந்தப் பெண்மணி வந்தபோது நான் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அவள் வருவதற்குச் சற்று முன்பே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டிருந்தேன். அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, ‘பட்டையைக் கழட்டட்டுமா, அண்ணே?’ என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை, காலை நீட்டினேன். வைத்தியர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. என்னை யாரும் நிறுத்தவில்லை, நானே நின்றேன்.

அவர் வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘உப்பு குறைஞ்சா உசிருக்கு ஆபத்தா?’

‘ஆமா அப்பா.’

‘அப்ப காலை நீட்டினதுல தப்பில்ல. முடிக்காததுல வருத்தம் இருக்கத்தான் செய்யும்; இருந்துட்டுப் போகட்டும்’ என்று சொல்லிவிட்டு, ‘தலையை நல்லாத் துவட்டு’ என்றார்.

அன்றிரவு ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். மூன்றரை மணி நேரக் கணக்கு அன்று வரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வந்தது; ஆனால் வந்தபோதெல்லாம் அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல் இருந்தது. வருத்தம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. காரணங்களைச் சுமந்து திரியவேண்டிய அவசியந்தான் போயிற்று. காரணங்கள் பயனற்றவை அல்ல. உப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டது என் உயிருக்கும் பிறர் உயிருக்கும் உதவக்கூடியது. ஆனால் காரணம் முன்னே வந்து நின்று உண்மையை மறைக்கும்வரை இரண்டும் பயன்படுவதில்லை. வாக்கியத்தை முடித்துவிட்டால், காரணம் பாடமாகிறது. அதற்குமுன் அது வெறும் எச்சமாகவே நிற்கிறது.

மறுபடியும் லங்காவிக்குப் போவேனா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சபதம் ஒன்றும் செய்யவில்லை. போனாலும் போகலாம். கையிலிருந்த எண் சித்திரை மாதத்துக்குள் மறைந்துவிட்டது.

போன மாசி மாதத்தில் மரக்காணத்து உப்பளத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது, சைக்கிளில் வந்த ஓர் இளைஞன் என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் வந்து நின்றான். அவனும் அயர்ன்மேனுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறவன்.

‘சார், நீங்க லங்காவி போனீங்கள்ல? முடிச்சீங்களா?’

‘முடிக்கவில்லை, தம்பி.’

அவன் மேற்கொண்டு ஏதோ வரும் என்று என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். ஒன்றும் வராததைக் கண்டு, சிறிது தயங்கி, ‘எத்தனாவது கிலோமீட்டர்ல சார்?’ என்றான்.

‘ஓட்டத்துல இருபத்தாறு.’

கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவன் சைக்கிளில் செருகியிருந்த இரண்டு புட்டிகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் வெறும் தண்ணீர். என் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பை எடுத்து, எவ்வளவு போடவேண்டும், எப்போது குடிக்கவேண்டும், கடிகாரத்து வார் இறுகினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.